டாக்டர் பார்க்காத உடம்பு

பழைய தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையின் கடைத்தெருவில் டாக்டர் தாமோதரனின் கிளினிக் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். டாக்டர் வர மாட்டார். பெங்களூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்ட அவர், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் எட்டிப் பார்ப்பார். மற்ற நாள்களில் ஊசி போடுவது, கட்டு மாற்றுவது, பிரஷர் பார்ப்பது எல்லாம் நளினிதான். அதைவிட முக்கியமான இன்னொரு வேலையும் அவளுடையது. மேசை இழுப்பறையில் டாக்டர் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு வைத்த சர்டிபிகேட் கட்டு இருக்கும். பெயரையும் நோயையும் தேதியையும் நிரப்பி அவள் முத்திரை குத்திக் கொடுப்பாள்.

அந்தத் திங்கட்கிழமையும் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பெங்களூர் ரயிலைக் கோட்டைவிட்டவன் ஒருவன். மச்சினி கல்யாணத்துக்கு மூன்று நாள் மட்டம் போட்டவன் இன்னொருவன். டிரைவிங் லைசென்சுக்காகக் கண் நன்றாகத் தெரிகிறது என்று எழுதி வாங்க வந்த ஒருத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் ஒளித்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னா நோவு போடட்டும்?" என்று நளினி கேட்டாள்.

"போன தபா வயித்தால போவுதுன்னு போட்ட. இந்த தபா வேற ஏதாச்சும் போடுக்கா. ஆபீஸ்ல டவுட்டு படறானுங்க" என்றான் ரயிலைக் கோட்டைவிட்டவன்.

"டைபாய்டு போட்டா பத்து நாளு மூலைல படுக்கணும். வைரல் ஃபீவர்னு போடறேன், போ."

ஹோட்டலில் பலகாரம் கேட்பதுபோல நோயைக் கேட்டு வாங்கிப் போனார்கள். இதற்கெல்லாம் நளினி ஒரு பைசா வாங்க மாட்டாள். அதில் அவளுக்குத் தாளாத பெருமை. "நான் யாருகிட்டயும் கை நீட்டினதில்ல. பாவம், லீவு தராட்டி அவுங்க இன்னா பண்ணுவாங்க? ஒரு ஒத்தாசதானே" என்பாள். ஊரும் அவளை நல்லவள் என்றது. லஞ்சம் வாங்குகிறவனையாவது முகத்துக்கு நேரே திட்டலாம். இரக்கப்பட்டுப் பொய் எழுதுகிறவளை யார் திட்டுவது? இந்த மாதிரி நல்லவர்களைப் பார்த்தால்தான் இதே ஊரில் வளர்ந்த எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

பெஞ்சு காலியாகும் நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் ரோனி, கடைத்தெருக் கோடியில் பைக் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அடுத்து அவன் கடையில் வேலை பார்க்கும் ஆஷ்லி. இருபத்திரண்டு வயது. வெயில் நுழையாத அந்த அறையிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கடைசியாக ஆஷ்லியின் அம்மா ஃப்ளோரா, பக்கத்துக் கோரமண்டலில் சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டிய லைன் வீட்டில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துப் பிழைப்பவள்.

கோரமண்டலில் ஆஷ்லியைத் தெரியாதவர் கிடையாது. ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே அவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நிற்கும் பேனர் இரண்டு வாரமாகத் தொங்கியது. சுரங்கத்து மண்ணை அரைத்துக் கொட்டிய சயனைடு மேட்டில் பைக் ஓட்டிப் பழகியவன் அவன். அவனோடு பழகிய மற்றவர்கள் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை ரோட்டில் பெண்கள் முன்னால் கிறுக்குத்தனம் செய்துகொண்டிருந்தபோது, ரோனிதான் இவனை இழுத்து வைத்துச் சொன்னான்: "ரோட்டுல முறுக்கறதுக்குப் பேரு ரேஸ் இல்லடா. ரேஸுக்கு ஒரு வழி கீது."

அந்த வழியை ரோனி சரியாகவே காட்டினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் சென்னைப் பக்கம் இருக்கும் ரேஸ் டிராக்கில் பயிற்சிப் பள்ளி. வளைவில் உடம்பை எப்படிச் சாய்ப்பது, எந்தப் பலகையைக் கண்டதும் பிரேக் பிடிப்பது, மஞ்சள் கொடி காட்டினால் வேகத்தைக் குறைத்து முந்தாமல் போக வேண்டும், சிவப்புக் கொடி காட்டினால் பந்தயமே நின்றுவிடும் என்றெல்லாம் அங்கே சொல்லித் தந்தார்கள். பள்ளி கொடுத்த சான்றையும் மெடிக்கலையும் வைத்து ரேஸ் சங்கத்தில் லைசென்ஸ் எடுத்தான். புதியவர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. அதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பைக்கை நடத்துகிறவர்களே கொடுத்துவிடுவார்கள். ஹெல்மெட்டும் தோல் உடையும் பூட்ஸும் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். ஆஷ்லியின் தோல் உடை வேறொருவன் போட்டுக் கழித்தது. தோள்பட்டையில் ஃப்ளோரா ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தாள்.

சாம்பியன்ஷிப் என்பது ஒரே நாளில் முடிகிற சமாசாரம் அல்ல. வருஷத்தில் நாலு ரவுண்டு, ரவுண்டுக்கு இரண்டு ரேஸ். முதலில் பிராக்டிஸ், பிறகு தனித்தனியாக நேரம் எடுத்து யார் முன்வரிசை என்று பார்ப்பது, அதன் பிறகு ரேஸ். ஜெயித்தவனுக்கு இருபத்தைந்து பாயிண்டு, அடுத்தவனுக்கு இருபது, மூன்றாவதுக்குப் பதினாறு என்று இறங்கிக்கொண்டே போகும். வருஷக் கடைசியில் யாருடைய கூட்டுத்தொகை அதிகமோ அவன் சாம்பியன். மூன்று ரவுண்டு முடிந்தபோது மைசூர் பையன் விநாயக் முதலிடத்தில் இருந்தான். பதினாலே பாயிண்டு பின்னால் ஆஷ்லி. பேனருக்கு அதுதான் காரணம்.

ஆனால் மூன்றாவது ரவுண்டின் கடைசி ரேஸில் ஆஷ்லி விழுந்தான். தலை தரையில் மோதி, அரை நிமிஷம் நினைவில்லாமல் கிடந்தான். டிராக் டாக்டர் அங்கேயே அவன் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார். நரம்பு டாக்டர் ஒருவர் பார்த்து, ஸ்கேன் எடுத்து, 'ஃபிட்' என்று எழுதிக் கொடுத்தால்தான் கடைசி ரவுண்டில் ஓட்ட முடியும். அதற்கான படிவத்தைத்தான் ரோனி இப்போது நளினியின் மேசைமேல் வைத்தான்.

"அக்கா, டாக்டர் வரலியா?" என்று ஆஷ்லி கேட்டான்.

"இன்னிக்குத் திங்கக்கெழம. நாளைக்குத்தான் வருவாரு."

நளினி படிவத்தைப் புரட்டினாள். ஒன்பது வரிகள். கோட்டின்மேல் நேராக நடக்கிறாரா, கண்மணி ஒழுங்காக அசைகிறதா, நினைவு சரியாக இருக்கிறதா, ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தார்கள்.

"இது நம்ம டாக்டரு பாக்குற நோவு இல்லியே ரோனி. கோலாருக்குப் போயி ஒரு ஸ்கேன் எடுத்துடுங்களேன்."

"எடுத்தா அவன் ஏதாச்சும் எழுதி வெச்சிடுவான்க்கா. எடுக்காத வரிக்கும் ஒண்ணியும் இல்ல. கடைசி ரவுண்டுக்கு இன்னும் மூணு வாரந்தான். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுக்கா."

"அக்கா, டாக்டர் வரலியா?" என்றான் ஆஷ்லி.

நளினி நிமிர்ந்து பார்த்தாள். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. ஃப்ளோரா அவசரமாகக் குறுக்கே வந்தாள். "சரியா தூக்கம் இல்ல நளினி, அதான். வெளிச்சம் பட்டா தல வலிக்குதுங்கறான். மத்தபடி நல்லாத்தான் கீறான். ஏசப்பா பாத்துக்குவாரு. நீ மனசு வெச்சாப் போதும்."

மனசு வைப்பதாவது. பெற்ற பிள்ளை ஒரே கேள்வியை இரண்டு நிமிஷத்தில் இரண்டு தரம் கேட்கிறான். பக்கத்தில் நிற்கும் தாய்க்கு அது தெரியும். ரோனிக்கும் தெரியும். நளினிக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த மூன்று பேரும் சேர்ந்து தெரியாத மாதிரி நின்றார்கள். நினைத்தால் எழுதவே கை கூசுகிறது.

இந்த ஊருக்கு இது பழகிப்போன வித்தை. சுரங்கம் ஓடிய காலத்தில், நெஞ்சில் சளி கட்டியவனைக் குழிக்குள் இறக்க மாட்டார்கள் என்று பயந்து, எக்ஸ்ரே எடுக்க அவன் பேரில் நல்ல நெஞ்சுக்காரன் ஒருவன் போவானாம். நளினியின் அப்பா பெருமாள் அப்படி இரண்டு தடவை ஆள் மாற்றி 'ஃபிட்' வாங்கியவர். மூன்றாவது மெடிக்கலுக்கு அவர் இல்லை. ரத்தம் ரத்தமாகக் கக்கிச் செத்தார். சாவு வீட்டில் கூட்டாளிகள் அந்த எக்ஸ்ரே கதையை மெச்சிச் சொல்லிச் சிரித்தார்கள். பத்து வயசு நளினியும் அப்பாவின் கெட்டிக்காரத்தனத்தைக் கேட்டுக் கூடவே சிரித்தாள். டாக்டரை ஏமாற்றினால் நோயும் ஏமாந்துவிடும் என்று நம்பும் முட்டாள்தனத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

"அக்கா, டாக்டர் வரலியா?" மூன்றாம் முறை.

"வருவாருடா, கம்முனு குந்து" என்று ரோனி அதட்டினான்.

நளினி பேனாவை எடுத்தாள். ஒன்பது வரியிலும் நார்மல், நார்மல் என்று எழுதினாள். ஸ்கேன் என்ற இடத்தில் மட்டும் கை ஒரு நொடி நின்றது. பிறகு அதிலும் எடுத்தாயிற்று என்று எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்த தாளில் 'ஃபிட்' என்று நிரப்பி, இரண்டிலும் முத்திரை குத்திச் சேர்த்துக் கொடுத்தாள். ஃப்ளோரா அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த இரண்டு வாரம் ரோனியின் கடையில் சாயங்காலம் தோறும் ஒரு பாடசாலை நடந்தது. டிராக் டாக்டர் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு ஐந்தாறு கேள்வி கேட்பாராம். என்னென்ன கேள்வி என்று ரோனி விசாரித்துவிட்டு வந்திருந்தான். ஆஷ்லியை ஸ்டூலில் உட்காரவைத்து ஊர் வாலிபர்களெல்லாம் சுற்றி நின்று அவனுக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். அதில் ரொம்ப உற்சாகமாக இருந்தவன் வாசு. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை, மாதத்தில் பாதி நாள் மட்டம், அத்தனைக்கும் நளினியின் சர்டிபிகேட்.

"இது எந்த டிராக்?" என்பான் வாசு.

"சென்னை."

"இது இன்னா மாசம்?"

"அக்டோபர்."

"போன ரவுண்டுல ஜெயிச்சது யாரு?"

"விநாயக்."

"சக்கத்து குரு. நீ பாஸு" என்று வாசு கைதட்டுவான். கடை முழுக்கச் சிரிப்பு. வேலை முடிந்து அந்த வழியாகப் போன நளினி இரண்டு நாள் நின்று கேட்டாள். மூன்றாம் நாளிலிருந்து எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தாள். பார்க்காமல் போய்விட்டால் பாவம் ஒட்டாது என்று நினைப்பு.

ரவுண்டு தொடங்கிய வெள்ளிக்கிழமை டிராக் டாக்டருக்கு ஏகப்பட்ட வேலை. நாற்பது பேரைப் பார்க்க வேண்டும். ஆஷ்லியின் காகிதம் சுத்தமாக இருந்தது; கையெழுத்து நரம்பு டாக்டருடையதா, ஸ்கேன் படம் எங்கே என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. ஒப்புக்கு மூன்று கேள்வி கேட்டார், மூன்றும் பாடத்தில் இருந்த கேள்விகள். லைசென்ஸ் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கோரமண்டலிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. "நீ இல்லாட்டி அவன் ஏது, ரேஸ் ஏது" என்று ஃப்ளோரா நளினியையும் இழுத்து ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் விசிலும் கூத்தும். சென்னைப் பக்கத்து வெயிலில் டிராக்கின் ஓரத்துக் கூரையடியில் போய் உட்கார்ந்தபோது மணி பத்தரை. பதினொன்றுக்கு முதல் ரேஸ், மூன்று மணிக்கு இரண்டாவது.

முதல் ரேஸில் ஆஷ்லி நன்றாகவே ஓட்டினான். கண்ணும் மூளையும் தடுமாறினாலும் பழகிய கை ஓட்டும் போலிருக்கிறது. கடைசி லேப்பில் விநாயக் முன்னால், ஆஷ்லி அவன் பின்னாலேயே. நேர்ப்பாதை முடிகிற இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டிய பலகை வந்தது. விநாயக் நிமிர்ந்து பிரேக் பிடித்தான். ஆஷ்லி பிடிக்கவில்லை. பலகையைத் தாண்டியும் பிடிக்கவில்லை. முழு வேகத்தில் போய் விநாயக்கின் பின்சக்கரத்தில் இடித்தான்.

விநாயக் தூக்கி எறியப்பட்டு ஜல்லியில் உருண்டான். அவன் பைக் அவன் காலின் மேலேயே புரண்டது. ஆஷ்லி ஜல்லிக்குள் தடுமாறி ஓடி, விழாமல் சமாளித்து, மறுபடி டிராக்குக்கு ஏறினான். மஞ்சள் கொடிகள் ஆடின. அவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அதற்குள் இரண்டு பேர் முந்திப் போயிருக்க, மூன்றாவதாகக் கோட்டைத் தொட்டான்.

விநாயக்கை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆம்புலன்சுக்குக் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவன் அப்பா மகனுடைய ஒற்றைப் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். அந்த ஸ்ட்ரெச்சர் கூரையடியைக் கடந்தபோது எங்கள் ஊர் வேன் கூட்டம் விசிலடித்தது. ஆமாம், விசில். வாசு எழுந்து நின்று துண்டைச் சுழற்றினான்.

"விநாயக்குக்கு இந்த ரேஸ்ல முட்டை. நம்மாளுக்குப் பதினாறு. ரெண்டு பாயிண்டு முன்னால வந்துட்டோம் குரு. அவன் கால் போச்சு, இனி அடுத்த ரேஸுக்கும் வர மாட்டான். சாம்பியன்ஷிப் நம்முதுதான்."

ஒருத்தன் கால் போனதைக் கொண்டாடிக்கொண்டே பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கறித்துண்டைக் கடித்துக்கொண்டு பாயிண்டு கணக்குப் போட்டார்கள். த்தூ. நளினி பொட்டலத்தைத் தொடவில்லை. எழுந்து ரைடர்கள் தங்கும் கூடாரத்துப் பக்கம் நடந்தாள். ஃப்ளோராவும் பின்னாலேயே வந்தாள்.

கூடாரத்தில் ஆஷ்லி நாற்காலியில் சாய்ந்திருந்தான். ரோனி ஐஸ் துண்டை அவன் கழுத்தில் வைத்துக்கொண்டிருந்தான். நடத்துகிறவர்கள் ஆஷ்லியைக் கூப்பிட்டு விசாரித்து, கவனமில்லாமல் ஓட்டியதற்குத் தண்டனையாக அடுத்த ரேஸில் கடைசி வரிசையில் இருந்து கிளம்பச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவோடு விட்டுவிட்டார்கள். காகிதத்தில்தான் ஃபிட் என்று இருக்கிறதே.

"பாயிண்டுல நமக்கு அடுத்தவன் ஜெயிச்சாலும், கடைசில இருந்து கெளம்பி நீ அஞ்சாவது வந்தாப் போதும்" என்றான் ரோனி. "இருவது பேர் நடுவுல பூந்து வரணும், அவ்ளோதான்."

ஆஷ்லி நளினியைப் பார்த்துச் சிரித்தான். "வாக்கா. நல்ல நேரத்துக்கு வந்த. ரேஸ் எப்போ ஸ்டார்ட்டு?"

"மூணு மணிக்குடா. ரெண்டாவது ரேஸு."

"மொத ரேஸு?"

"இப்பத்தானடா முடிஞ்சுது."

"அப்டியா? நான் எத்தினாவது வந்தேன்?"

நளினி ஐஸ் துண்டை வாங்கிக் கீழே வைத்தாள். ரோனியை வெளியே இழுத்து வந்தாள்.

"ஓட்டின ரேஸே அவனுக்கு ஞாபகம் இல்ல. உனக்குத் தெரியுமா?"

"போன வாரத்துலேர்ந்து அப்டித்தான் கீறான். இன்னும் ஒரே ஒரு ரேஸுக்கா. அது முடிஞ்சதும் நானே கூட்டினு போயி ஸ்கேன் எடுக்கறேன்."

"முடியறதுக்குள்ள செத்துப்போவான். இல்லாட்டி இன்னொருத்தனச் சாவடிப்பான்."

"அபசகுனமாப் பேசாத."

"நான் போயி டிராக் டாக்டருகிட்ட சொல்றேன்."

ரோனியின் குரல் மாறியது. "சொல்லு. இன்னான்னு சொல்லுவ? நான்தான் பொய் சர்டிபிகேட்டு எழுதினேன்னா? உன் வேல போவும். உன் டாக்டரு தனக்கு ஒண்ணியும் தெரியாதுன்னு கைய விரிச்சிடுவாரு. போலீசு உன்னியத்தான் புடிக்கும். எங்க யாரு கையெழுத்தும் அதுல இல்ல, பாத்துக்கோ."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நளினி ஃப்ளோராவைப் பார்த்தாள். ஒரு தாய் இப்போதாவது வாயைத் திறப்பாள் என்று எதிர்பார்த்தாள். ஃப்ளோரா தலையைக் குனிந்துகொண்டு, "ஒரே ஒரு ரேஸ்தானே நளினி. சர்ச்சுல தேங்க்ஸ்கிவிங்குக்கு சொல்லிட்டேன். பாஸ்டரு வேற வராரு" என்றாள்.

நளினி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. மருத்துவ அறைக்குப் போனாள். டிராக் டாக்டர் நடுவயதுப் பெண்மணி. விநாயக்கை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆஷ்லிக்கு ஃபிட்னு குடுத்த சர்டிபிகேட்டு பொய்யிங்க டாக்டர். எந்த டாக்டரும் அவனப் பாக்கல. ஸ்கேன் எடுக்கல. நான்தான் எழுதினேன். நான் டாக்டர் இல்ல. கிளினிக்குல ஊசி போடறவ."

டாக்டர் குழாயை மூடினார். நளினியை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த அருவருப்பு நளினிக்கு முழுதாகப் புரிந்தது. அது தனக்குச் சேர வேண்டியதுதான் என்றும் புரிந்தது.

ஐந்து நிமிஷத்தில் ஆஷ்லியை அழைத்து வந்தார்கள். ரோனியும் ஃப்ளோராவும் கூடவே வந்து கதவோரம் நின்றார்கள். விஷயம் எப்படியோ கசிந்து, வாசுவும் வேன் கூட்டத்தில் பாதியும் ஜன்னலில் எட்டிப் பார்த்தது.

"ஆஷ்லி, ரெண்டு மூணு கேள்வி கேக்கறேன். அவசரமே இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர். ஆஷ்லி பள்ளிக்கூடப் பையனாட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"சென்னை" என்றான் ஆஷ்லி.

ஜன்னலில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். டாக்டர் கதவுப் பக்கம் கையை நீட்டினார்.

"சரி. அதோ கதவுகிட்ட நிக்கறாங்களே, உங்க அம்மா. அவங்க பேரு என்ன?"

ஆஷ்லி கதவைப் பார்த்தான். ஃப்ளோராவைப் பார்த்துச் சிரித்தான். பாடம் ஒப்பித்த பெருமை அவன் முகத்தில் இருந்தது.

"அக்டோபர்."

ஃப்ளோரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு மாசமாத் தெரியும் டாக்டர்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "சோத்தப் போட்டு வெச்சா, சாப்ட்டத மறந்துட்டு மறுபடி தட்ட எடுத்தாருவான். ராத்திரில வாந்தி எடுப்பான். எனக்குத் தெரியும். தெரிஞ்சே அவனுக்கு இந்தத் துணிய மாட்டி உட்டேன். பேனர்ல எம்புள்ள மொகத்தப் பாத்து, வூட்ல அவன் மொகத்தப் பாக்காம உட்டுட்டேன்."

டாக்டர் அவனை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் என்றும், நேரத்தோடு கவனித்தால் பிழைத்துக்கொள்வான் என்றும், இனி பைக் ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். "மூணு மணிக்கு இவன் இன்னொரு தடவை விழுந்திருந்தா நீங்க பொணத்தைத்தான் ஊருக்கு எடுத்துட்டுப் போயிருப்பீங்க" என்றார். ரோனி எங்கே என்று நளினி திரும்பிப் பார்த்தபோது அவனைக் காணோம்.

ஃப்ளோராவையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போன பிறகு, நளினி நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தன் பெயரைப் போட்டுக் கொடுத்தாள். முத்திரை இல்லாமல் அவள் எழுதிய முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். போலீசில் கேட்டால் வந்து சொல்லவும் ஒத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது வேன் கூட்டம் காத்திருந்தது.

"ஊர் மானத்த வாங்கிட்டியே" என்றான் ஒருவன். "கைக்கு வந்த சாம்பியன்ஷிப்ப கெடுத்துட்ட." இன்னொருவன் அவள் காலடியில் காறித் துப்பினான். அந்தப் பையன் பிழைப்பானா என்று ஒருவனாவது கேட்பான் என்று நளினி பார்த்தாள். கேட்கவில்லை. விநாயக்கின் காலைப் பற்றிப் பேச்சே இல்லை. சாம்பியன் இல்லாத வேனில் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

வாசு மட்டும் பின்தங்கினான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நளினியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அவனுங்களக் கண்டுக்காதக்கா. நடந்தது நடந்துபோச்சு. அக்கா, நான் சனிக்கெழமையும் மட்டம், நாளைக்கும் போவ முடியாது. எனக்கு மட்டும் ஒரே ஒரு தபா, வைரல் ஃபீவர்னு போட்டுக் குடுத்துடேன். கம்பெனில கேப்பானுங்க. சின்ன பொய்தானே, இதுல யாருக்கு இன்னா ஆவப்போவுது?"

நளினி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த முகமெல்லாம் இதுதான் என்று அவளுக்குப் பட்டது. அதற்கு எதிரே மேசையில் உட்கார்ந்திருந்தவள் தான் என்பதும்.

"இதே மாதிரி சின்ன பொய்யி ஆயிரம் எழுதினேன் வாசு. ஒருத்தர்கிட்டயும் துட்டு வாங்கல, அதனால பாவம் இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன். ஒனக்கு ஜொரம்னு எழுதிப் பழகின கைதான் அவனுக்கு நல்லாக்கீதுன்னு எழுதிச்சு. பாக்காத ஒடம்புக்கு ஃபிட்னு எழுதறது ஒத்தாசை இல்ல. கொல்றதுக்குக் குடுக்கற கையெழுத்து. துட்டு வாங்கிக்கினு குடுத்தாலும் அதுதான், எரக்கப்பட்டுக் குடுத்தாலும் அதுதான். அத்தக் கேட்டு வாங்கறவனும் அந்தக் கொலைல பாதி."

வாசு வாயைத் திறந்தான். அவள் விடவில்லை.

"ஒனக்குத்தான் ஒரு நோவும் இல்லியே. நாளைக்கு வேலைக்குப் போ."